பதினொரு கிலோ தக்காளியும் ஓர் இரவும்

இதை எழுதும் மேசையின் மறுமுனையில், மடித்துப் போட்ட துண்டின் மேல், ஆறு ஜாடித் தக்காளி ஆறிக்கொண்டிருக்கிறது. மணி பதினொன்றரை. வீடு முழுக்கப் புளிப்பு வாடை. அடுப்புக்குப் பின்னாலிருக்கும் சுவரில், என் தலைக்கும் மேலே, ஒரு தக்காளி விதை ஒட்டியிருக்கிறது. அது எப்படி அங்கே போனது என்று கேட்க வேண்டுமானால் என்னைத்தான் கேட்க வேண்டும், ஆகவே கேட்கவில்லை.

காலையில் பறித்தது பதினொரு கிலோ. நான் எடை போடாமல் எதையும் உள்ளே கொண்டுவருவதில்லை. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. நாள், காய், எடை, என்ன செய்தேன், சாப்பிட்டோமா என்று ஐந்து கட்டங்கள். முதல் நான்கு கட்டங்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. ஐந்தாவதைச் சேர்க்க எனக்கு மூன்று கோடைகள் பிடித்தன.

முதல் கோடையில் கண்ணில் பட்டதையெல்லாம் ஜாடியில் அடைத்தேன். தோட்டம் ஒன்றும் பெரிதல்ல, பத்தடிக்குப் பன்னிரண்டடி: எட்டுத் தக்காளிச் செடி, ஆறு வெண்டை, நான்கு கத்தரி, மூன்று மிளகாய், இரண்டு வெள்ளரிக்கொடி, ஒரு பந்தல் பீன்ஸ். ஆனால் அலமாரியில் வரிசையாக நின்ற ஜாடிகளைப் பார்த்தால் ஒரு படைக்கே சோறு போடப் புறப்பட்டவள் மாதிரி இருந்தது. அடுத்த கோடை வந்தபோது அவற்றில் பாதி அங்கேயே நின்றது. வினிகரில் போட்ட கத்தரிக்காய் மட்டும் ஒன்பது ஜாடி. அதைச் சாப்பிட்டவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை, நான் உட்பட. பிடிக்காத காயைக் கஷ்டப்பட்டுப் பாதுகாத்தால், ஒரு வருடம் கழித்துக் கஷ்டப்பட்டு எறிய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தக்காளிக்கு வருகிறேன். பதினொரு கிலோ ஒரே நாளில் பழுத்ததற்கு என் கைராசி காரணமல்ல. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாகவே இருந்தால் தக்காளிப் பூவில் மகரந்தம் சரியாகச் செயல்படாது, பூ உதிர்ந்துவிடும். ஒன்றரை மாதத்துக்கு முன் அப்படித்தான் நடந்தது. காலையில் செடிக்கடியில் மஞ்சள் பூக்கள் கொட்டிக் கிடக்கும். பிறகு ஒரு வாரம் காற்று குளிர்ந்தது. எட்டுச் செடியும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகப் பிஞ்சு பிடித்தன. பூவிலிருந்து பழம்வரை ஆறேழு வாரம். அந்தக் குளிர்ந்த வாரம்தான் இன்று என் சமையலறையில் கூடை கூடையாக வந்து இறங்கியிருக்கிறது.

பறித்ததும் தரம் பிரிப்பதுதான் வேலையில் பாதி. தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவேன். வெடித்த பழம் அன்றைக்கே சமையலுக்கு. பாதி சிவந்தது காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி அலமாரித் தட்டில், தானாகப் பழுக்கும். குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்கவே மாட்டேன். ஏறக்குறைய 12 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளிக்கு மணம் தருகிற சேர்மங்கள் உருவாவது குறைந்துவிடும். நிறம் இருக்கும், நாக்கில் ஒன்றும் இருக்காது. கெட்டியாக, முழுதாகச் சிவந்தது மட்டும் ஜாடிக்கு. பட்டுப்போன செடியிலிருந்து பறித்தவற்றை, பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஜாடியில் அடைப்பதில்லை. அவற்றில் அமிலம் குறைந்திருக்கும். இன்று ஜாடிக்குத் தேறியது எட்டுக் கிலோ.

தோலுரிப்பதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடிப்பக்கம் கத்தியால் ஒரு பெருக்கல் குறி, கொதிநீரில் ஒரு நிமிடம், குளிர்ந்த நீரில் ஒரு முங்கு. தோல் சட்டை கழற்றுவது போல் வந்துவிடும். அதற்கடுத்த கட்டத்தில்தான் நான் இரண்டு வருடம் தவறு செய்தேன். எல்லாவற்றையும் வெட்டி ஒரு பாத்திரத்தில் குவித்துவிட்டு, தொலைபேசி அடித்தால் பேசப் போய்விடுவேன். திரும்பி வந்தால் மேலே சதை மிதக்கும், அடியில் மஞ்சள் தண்ணீர் நிற்கும். எத்தனை மணிநேரம் கொதிக்க வைத்தாலும் விழுது தனியாகவும் தண்ணீர் தனியாகவும் நிற்கும். கத்தி பட்டவுடனே தக்காளிக்குள் இருக்கும் ஒரு நொதி, சதையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பெக்டினை உடைக்கத் தொடங்கிவிடுகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துப்போகும். ஆகவே இப்போது நான்கைந்து பழங்களை மட்டும் வெட்டி, ஏற்கெனவே சூடேறிய பாத்திரத்தில் போட்டு நசுக்குகிறேன். அது கொதித்தபின் அடுத்த ஐந்து. தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும்.

பிறகு கரண்டியோடு நிற்க வேண்டியதுதான். தொடக்கத்தில் சத்தம் மழை பெய்வது மாதிரி இருக்கும், சிறுசிறு குமிழிகள். ஒன்றரை மணிநேரம் போனால் குமிழி பெரிதாகிறது; 'ப்ளப்' என்று வெடித்து ஒரு துளியைக் கையில் எறிகிறது. சுவரில் ஒட்டியிருக்கும் விதையும் இந்த நேரத்தில்தான் கிளம்பியிருக்க வேண்டும். அகலக் கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுப்பேன். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும்வரை பாத்திரத்தின் அடி தெரிந்தால் போதும். எட்டுக் கிலோ மூன்று லிட்டராக வற்றியிருக்கும்.

இந்த விழுதில் வெங்காயம், பூண்டு, எண்ணெய் எதுவும் சேர்க்க மாட்டேன். அதற்குக் காரணம் சோம்பல் அல்ல, பீன்ஸ்.

அந்தப் பீன்ஸ் கதையைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. முதல் கோடையில் பந்தல் கொட்டிக் கொடுத்த பீன்ஸை நறுக்கி, உப்புநீர் ஊற்றி, பன்னிரண்டு ஜாடிகளில் அடைத்து, பெரிய பாத்திரத்தில் அரை மணிநேரம் கொதிக்கவிட்டேன். மூடி இறுகியது. பச்சைப்பசேல் என்று பன்னிரண்டு ஜாடி. புகைப்படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். பதிலாக ஒரே வரி வந்தது: "ஒன்றைக்கூடத் திறக்காதே, இதோ கூப்பிடுகிறேன்."

அன்றைக்கு அவள் சொன்னதன் சாரம் இது. மண்ணில் இருக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியா கெட்டியான ஓடு போட்ட வித்துகளாக மாறிக்கொள்ளும். கொதிநீரின் 100 டிகிரி அந்த வித்துகளை ஒன்றும் செய்யாது. ஜாடியை மூடியதும் உள்ளே காற்று இல்லை, அமிலம் இல்லை, உப்பும் அதிகமில்லை, வெளியே அறையின் இதமான வெப்பம். அந்த வித்துகள் கேட்பது இதைத்தான். முளைத்து அது கக்கும் நஞ்சு நரம்புகளைச் செயலிழக்க வைத்து மூச்சையே நிறுத்திவிடும். நிறமோ மணமோ சுவையோ மாறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால், அதாவது புளிப்பு போதிய அளவு இருந்தால், அந்த வித்து முளைக்காது. தக்காளி அந்தக் கோட்டின்மேல் ஒற்றைக்காலில் நிற்கிற பழம். சில இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். பீன்ஸ், வெண்டை, கத்தரி எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். அவற்றை ஜாடியில் அடைத்து வெளியே வைக்க வேண்டுமென்றால் 116 டிகிரிக்கு மேல் சூடேற்றும் தனி அழுத்தக்கலன் வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண குக்கர் அந்த வேலைக்கு ஆகாது. அது சூடேறி இறங்கும் வேகம் வேறு.

"அரை மணிநேரம் கொதித்ததில் எது பிழைத்திருக்கும்? நீங்கள் இருவரும் சேர்ந்து மிரட்டுகிறீர்கள்" என்றார் கணவர். அவருக்கு அந்தப் பச்சை நிறத்தின் மேல் ஆசை. நான் ஒன்றும் பேசாமல், பன்னிரண்டையும் திறக்காமலே இரட்டைப் பையில் கட்டி வெளியேற்றினேன். நோட்டில் அன்றைய தேதிக்கு நேராக 'பீன்ஸ், 4 கிலோ 300, எறிந்தது' என்று இருக்கிறது.

இந்த ஜாடி வித்தையைக் கண்டுபிடித்த நிக்கோலா அப்பேருக்கே அது ஏன் வேலை செய்கிறது என்று தெரியாது. பிரான்சில் மிட்டாய் செய்துகொண்டிருந்தவர். கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்து, தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது என்று காட்டி, 1810-இல் புத்தகமாகவும் போட்டார். அரசாங்கம் 12,000 ஃபிராங்கு பரிசு கொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத உயிர்களால்தான் உணவு கெடுகிறது என்று லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் நிறுவியது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. நடுவில் எத்தனை பேர் என்னைப்போல் பச்சை நிறத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் நின்றார்களோ!

ஆகவே தக்காளிக்கு அரை லிட்டர் ஜாடி ஒன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அதுவும் புட்டியில் விற்கிற சாறுதான். கையால் பிழிந்தது மணமாக இருக்கும். ஆனால் பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், புட்டிச்சாற்றில் அளவு ஒரே மாதிரி இருக்கும். விழுதைச் சூடாக ஊற்றி, விளிம்பைத் துடைத்து, மூடி, முழுக்க மூழ்கும்படி கொதிநீரில் 35 நிமிடம். மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். வெங்காயமும் பூண்டும் புளிப்பைக் குறைத்துவிடும் என்பதால் அவை ஜாடியைத் திறக்கும் நாளில்தான் சேரும்.

பீன்ஸ் இப்போது உறைபெட்டிக்குப் போகிறது. அதிலும் ஒருமுறை சூடு கண்டேன். பச்சையாகவே நறுக்கிப் பையில் போட்டு உறையவைத்தேன். இரண்டு மாதத்தில் வைக்கோல் வாடை. குளிரில் நொதிகள் தூங்குவதில்லை, சோம்பல் முறித்துக்கொண்டு மெதுவாக வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. கொதிநீரில் மூன்று நிமிடம், உடனே பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் மூன்று நிமிடம், துணியில் பரப்பி ஈரம் போக ஒற்றி எடுத்து, தட்டில் உதிரியாக உறையவைத்து, பிறகு பையில். உதிரியாக உறையவைக்கும் பொறுமை இல்லாதவர்கள் பிறகு சுத்தியலோடு நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

வெள்ளரிக்கு அடுப்பே வேண்டாம், உப்பு போதும். இதில் எனக்கும் அத்தைக்கும் ஒவ்வொரு வருடமும் வழக்கு. அத்தை கையால் அள்ளிப் போடுவார். நான் தராசை எடுத்தால், "ஏம்மா, உப்புக்குக்கூடவா கணக்கு?" என்பார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 40 கிராம். அவர் கைப்பிடியை அவருக்குத் தெரியாமல் ஒருநாள் நிறுத்துப் பார்த்தேன்: 42 கிராம். அதன்பிறகு நான் தராசை எடுப்பதைக் கொஞ்சம் ஒளித்துச் செய்கிறேன்.

பிஞ்சாக, விரல் நீளத்தில், பறித்த அன்றே போட வேண்டும். பூ இருந்த முனையை மெல்லிசாகச் சீவிவிட வேண்டும். காயைக் குழையவைக்கும் நொதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. காய் உப்புநீருக்குள் மூழ்கியே இருக்க, மேலே ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்துவேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்காது. மூன்றாம் நாள் காதை வைத்தால் மெல்லிய பொரிச்சத்தம் கேட்கும். காயின் பளீர்ப் பச்சை ஒலிவ நிறத்துக்கு மங்கும், தண்ணீர் கலங்கும். கலங்கினால் கெட்டுவிட்டது என்று பயந்து நான் ஒருமுறை கொட்டியிருக்கிறேன், கலங்குவதுதான் சரி. முதலில் ஒருவகை பாக்டீரியா தொடங்கிவைக்கும், புளிப்பு ஏற ஏற அது ஒதுங்கிக்கொள்ள, புளிப்பைத் தாங்கும் இன்னொரு வகை வந்து வேலையை முடிக்கும். மேலே வெள்ளையாக, தட்டையாக ஆடை படர்ந்தால் அது ஒருவகை ஈஸ்ட், வழித்துப் போட்டுவிடலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு மாதிரி எழும்பினால் பூஞ்சை. அந்த ஜாடியோடு உறவு முடிந்தது. கோடை வெப்பத்தில் ஐந்தாறு நாளிலேயே புளித்துவிடும். ருசி பார்த்து, பிடித்த இடத்தில் நிறுத்திக் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுவேன். "இன்னும் ஒரு நாள்" என்பார் அத்தை. அந்த ஒரு நாளில் காய் குழைந்துவிடும் என்பேன் நான். இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

வெண்டைக்காயைப் பொறுத்தவரை என் கட்சி இதுதான்: அன்றன்றைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும். வற்றல் போடலாம், உறையவைக்கலாம், இரண்டையும் செய்திருக்கிறேன். ஆனால் காலையில் பறித்து மத்தியானம் வாணலியில் விழும் வெண்டைக்கு முன் அவை நிற்காது. கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் நறுக்க வேண்டும். வழவழப்பு தண்ணீரைக் கண்டால்தான் பெருகும். வாணலி நன்றாகச் சூடாக இருக்கட்டும், மூடி போடக்கூடாது, உப்பு கடைசியில். இரண்டு நாள் பறிக்காமல் விட்டால் வெண்டை நம்மைப் பழிவாங்கும். போன வாரம் இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒன்று ஒரு சாண் நீளம் வளர்ந்திருந்தது. நுனியை ஒடித்துப் பார்த்தேன், ஒடியவில்லை, வளைந்தது. விதைக்கென்று செடியிலேயே விட்டுவிட்டேன்.

கத்தரிக்காயை நேரடித் தீயில் தோல் கருகச் சுட்டு, சதையை வழித்து, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து உறையவைக்கிறேன். வினிகர்ப் பக்கமே போவதில்லை.

மிளகாயைக் காம்போடு நூலில் கோத்துக் காயவைப்பதில் வம்பில்லை. வம்பு நறுக்கும்போதுதான். காரம் விதையில் இருக்கிறது என்று நம்பி விதையை மட்டும் தட்டிவிட்டு, உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையைக் கையால் வழித்தேன். காரம் முழுக்க அந்த வெள்ளைச் சதையில்தான் என்று விரல்கள் சொல்லிக்கொடுத்தன. அன்று இரவு முழுக்கத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. சமையல் எண்ணெயைத் தேய்த்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவினால் இறங்கும். மறுநாள் காலையில் மகள் இதைச் சொன்னாள். பள்ளியில் படித்தாளாம். முந்தின இரவே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்கள் கேட்கவில்லையே அம்மா" என்றாள்.

காயவைப்பதைப் பற்றி ஒன்று. மாலையில் தொட்டுப் பார்த்தால் உலர்ந்த மாதிரி இருக்கும், நம்பக்கூடாது. போன வருடம் ஒரு கிலோ தக்காளியை வில்லையாக நறுக்கி, மின்னடுப்பில் 60 டிகிரியில் வைத்து எடுத்தேன். 70 கிராம்தான் மிஞ்சியது, தக்காளி கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீர்தானே. ஆனால் எல்லா வில்லையும் ஒரே மாதிரி காய்வதில்லை. அதனால் கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு நிரப்பி, ஒரு வாரம் தினமும் ஒருமுறை குலுக்குகிறேன். அதிகமாகக் காய்ந்தது ஈரமானதிடமிருந்து வாங்கிக்கொள்ளும். புட்டியின் உட்புறம் ஆவி பூத்தால் மறுபடியும் அடுப்புக்கு. இதை எண்ணெயில் போட்டு அறையில் வைப்பவர்கள் உண்டு. பூண்டும் சேர்த்து அப்படி வைத்த புட்டி ஒன்றை யாரோ எனக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று கிடையாது என்பது அக்காவின் குரலில் காதில் கேட்டது. நன்றி சொல்லி வாங்கிவந்து, நோட்டில் எழுதாமலே எறிந்தேன்.

'டிக்.'

மேசையில் இப்போதுதான் ஒரு ஜாடியின் மூடி உள்வாங்கியது. ஆறும்போது உள்ளேயிருக்கும் ஆவி சுருங்கி மூடியின் நடுவை இழுத்துக்கொள்ளும் சத்தம். இதோடு ஐந்து. ஆறாவது மட்டும் இன்னும் நடுவில் மேடாக நிற்கிறது. விளிம்பைச் சரியாகத் துடைத்தேனா, ஒரு விதை சிக்கிக்கொண்டதா, தெரியவில்லை. விரலால் அழுத்திப் பார்க்கக் கை பரபரக்கிறது, காலைவரை தொடக்கூடாது. அதற்குள் மூடாவிட்டால் அலமாரிக்குப் போகாது, குளிர்பதனப் பெட்டிக்குப் போய், இரண்டொரு நாளில் தீர்க்கப்பட வேண்டும்.

மகள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"எத்தனை அம்மா?"

"ஐந்து. ஒன்று இன்னும் மூடவில்லை."

"மூடாவிட்டால் நாளைக்கே நமக்கா?"

"ஆமாம்."

குனிந்து அந்த ஆறாவது ஜாடியின் முகத்துக்கு நேராக, "நீ மூடாதே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.